செருப்போடு போன நோய்

டாக்டரம்மா கிளினிக்கின் வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவரோடு அந்தச் செருப்புக்காரரின் நோயும் சேர்ந்து போய்விடுகிறது என்பது எங்கள் ஓட்டேரியில் முதன்முதலாகத் தெரியவந்தபோது, யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் டி.வி.க்காரர்களுக்குப் போன் போடவில்லை, யாரும் வாசலில் கற்பூரம் ஏற்றவில்லை, தெருமுனை டீக்கடையில் நின்றவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "எந்தச் செருப்பு, தோலா ரப்பரா?" என்பதுதான்.

முன்கூட்டிச் சொல்லிவைப்பது, நேரம் வாங்குவது என்ற வழக்கமெல்லாம் அந்தக் கிளினிக்கில் கிடையாது. உடம்புக்கு முடியவில்லை என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் சாயங்காலம் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து "கடைசி யாரு?" என்று கேட்டு, கை தூக்கியவரின் முகத்தை மனத்தில் பதித்துக்கொண்டு சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அதுதான் வரிசை. செருப்போடு உள்ளே நுழைந்தால், ஊசி போடுவதற்கு முன்பே வலிக்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார் டாக்டரம்மா. ஆகையால் இருமல்காரர் செருப்பும் மூட்டுவலிக்காரர் செருப்பும் சர்க்கரைக்காரர் செருப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாசற்படியிலிருந்து சாக்கடை மூடி வரைக்கும் கிடக்கும்.

முதலில் மாறியது ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் தெய்வசிகாமணியின் செருப்பு. பல வருஷமாக மூலத்தால் அவதிப்பட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே பேப்பர் படித்து, பேரனின் கல்யாணத்தில்கூட நின்றுகொண்டே மொய் எழுதியவர் அவர். அவருடைய செருப்பைச் சுளுக்குக்கு மருந்து வாங்க வந்த ஜிம் மாஸ்டர் ஒருவர் அவசரத்தில் மாட்டிக்கொண்டு போய்விட, வாத்தியார் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார், போய்ச் சேர்ந்தார், சும்மா ஒரு யோசனையில் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே அழுதார், உட்கார்ந்தபடியே மருமகளைக் கூப்பிட்டுக் காபி கேட்டார். அதே நேரத்தில் ஜிம் மாஸ்டர் பைக்கில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி உட்கார்ந்து, இறங்கி, கடைசியில் பைக்கைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஏரியா இந்த விஷயத்தைப் புது பஸ் ரூட் வந்த மாதிரி பழகிக்கொண்டது. செருப்பு அதன் சொந்தக்காரரின் காலுக்குத் திரும்பினால் நோயும் திரும்பிவிடும் என்பதும், திருப்பாமல் கால்வாயில் எறிந்தால் எறிந்தவரிடமே தங்கிவிடும் என்பதும், எறிந்து பார்த்த ஒருவரால் எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் செருப்பில் பெயின்டால் குறி வைத்தார்கள். சிலர் எடுத்துப் போகட்டும் என்றே பளபளக்கும் புதுத் தோல்செருப்பு போட்டு வந்து, வாசலில் அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளின் செருப்பைக் காலில் திணித்துக்கொண்டு, குதிகால் பாதி வெளியே தொங்க, காய்ச்சலோடு நடந்து வீட்டுக்குப் போனார்கள். பால் பூத் நடத்தும் கிழவர் தன் மனைவியின் மூட்டுவலியை ஒற்றைச் செருப்பாக வாங்கிக்கொண்டார். ஒரு செருப்புப் போட்டால் பாதி நோய்தான் வரும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நொண்டியபடி, பூத்துக்குப் போய்வந்தார்கள். புது அபார்ட்மென்டில் ஒரு பெரிய மனிதர் தன்னுடைய சர்க்கரையை டிரைவரின் காலில் மாட்டி அனுப்பிவிட்டு மாடியில் ஜாங்கிரி சாப்பிட்டார், டிரைவர் கீழே பாகற்காய் சாப்பிட்டார். ஒருநாள் அந்த டிரைவர் வேலையை விட்டு நின்றார். நிற்கும்போது, தூக்கக் கலக்கத்தில் இறங்குகிற கால் நேராக நுழைகிற மாதிரி, செருப்பைப் பெரிய மனிதரின் கட்டிலடியில் அழகாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா மட்டும் எதற்கும் அசரவில்லை. நாடி பிடிப்பதற்கு முன்னால், "இது உங்க செருப்பா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி என் கதை. என் பெயர் குணசீலன். கால்வாய்ப் பாலத்தடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் ஊருக்கெல்லாம் நான் ஜெராக்ஸ் சார். அந்தக் கிளினிக்கில் என்னைவிட அதிகமாக நாற்காலி தேய்த்தவர் யாரும் கிடையாது. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் நகல் எடுக்க என் கடைக்குத்தானே வரும்? நகல் எடுக்கும்போது நான் படிப்பேன். படித்து, அதில் உள்ள நோயில் எனக்கென்று ஒரு காப்பி எடுத்துக்கொள்வேன். திங்கள்கிழமை யாருக்காவது பித்தப்பையில் கல் என்றால் செவ்வாய்க்கிழமை எனக்கு விலாவில் வலிக்கும். புதன்கிழமை தைராய்டு ரிப்போர்ட் வந்தால் வியாழக்கிழமை தொண்டையைத் தடவிக்கொண்டு போய் "கடைசி யாரு?" என்று கேட்பேன்.

"என்ன குணசீலன், இன்னிக்கு எது?" என்று காய்கறிக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்பார் டாக்டரம்மா. நான் சொல்வேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்று மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மாத்திரை தருவார். எந்த நோய்க்கும் அதே மஞ்சள்தான். இந்த டாக்டருக்குப் பெரிய நோய்களில் அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

வீட்டில் வேதவல்லி, என் மனைவி, ஒருமுறை தலைவலி என்று படுத்தபோது, எனக்கும் அன்றைக்குக் காலையிலிருந்தே தலை பாரம் என்று பக்கத்திலேயே படுத்தேன். "நம்ம வீட்ல உடம்பு சரியில்லாம இருக்கறதுக்கு எனக்கு என்னிக்காவது ஒரு சான்ஸ் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்க் குக்கரை அடுப்பில் வைத்தாள்.

செருப்பு சமாசாரம் வந்த பிறகு எல்லோரும் குறி வைத்தார்கள், நான் வைக்கவில்லை. படித்தவன், என் செருப்பு எனக்குத் தெரியாதா என்ற திமிர். நான் போடுவது கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, குதிகால் வலிக்காரர்களுக்கான மெத்து மெத்தென்ற ரகம். எனக்குக் குதிகால் வலி இல்லை, வரலாம் என்பதால் போட்டேன். ஒருநாள் மாரடைப்புக்கு மஞ்சள் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டே, கண் முழுக்கக் கடிகாரத்தில் இருக்க, பாதத்தை மட்டும் கீழே துழாவவிட்டேன். மெத்தென்று எது அகப்பட்டதோ அதில் கால் நுழைந்தது.

பாலம் ஏறும்போது மூச்சு நின்றது. நின்றது என்றால், நான் வழக்கமாகச் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே நின்றது. காற்று ஊரெல்லாம் இருந்தது, எனக்கு மட்டும் ஸ்ட்ரா வழியாகப் பாயசம் உறிஞ்சுகிற மாதிரி துளித்துளியாக வந்தது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊர்ந்து, உட்கார்ந்து, எழுந்து, வீடு போய்ச் சேர்ந்தபோது, வேதா என் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் உடம்புக்காக அவள் கீழே போட்ட முதல் கரண்டி அது. மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டோ பிடித்துத் திரும்பக் கிளினிக்குக்கே கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுக்கவில்லை. முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார். நான் எத்தனை வருஷமாக ஏங்கிய விஷயம் அது!

"நல்ல வீசிங்," என்றார். பிறகு கீழே வாசலை எட்டிப் பார்த்து, "இது உங்க செருப்பா?"

பார்த்தேன். என்னுடையதைப் போலவே கறுப்பு எம்.சி.ஆர்.தான், ஆனால் குதிகால் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தது.

"யாருதுன்னு தேடிக் குடுத்துடுங்க. அதுவரைக்கும் இந்தப் பஃப்ப இழுங்க," என்று டாக்டரம்மா இன்ஹேலரைக் கையில் கொடுத்து, கூடவே வெள்ளை மாத்திரையும் எழுதினார். மஞ்சள் இல்லை, வெள்ளை. என்னைப் பொறுத்தவரை அது பதவி உயர்வு.

ஆனால் பாருங்கள், பதவியில் உட்கார்ந்த பிறகுதான் அதன் கஷ்டம் தெரிகிறது. படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தால் தூக்கம் வராது, ஊதுபத்தி வாசனை ஆகாது, சிரித்தால் இருமல், இருமினால் விசில். ஜெராக்ஸ் மெஷினும் நானும் ஒரே சத்தம் போட்டோம். அத்தனை அவதிக்கு நடுவிலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது, என்னவென்று புரியவில்லை. வாசல் வடைக் கடையில் எண்ணெய் எந்தக் காலத்து எண்ணெய் என்று யோசிக்காமல் மசால்வடை தின்றேன். கை காட்டாமல் ரோட்டைக் கடந்தேன். ஒருத்தர் கிட்னி ரிப்போர்ட்டை நகல் எடுக்கக் கொடுத்தார்; எடுத்தேன், கொடுத்தேன், இடுப்பு வலிக்கவே இல்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று ராத்திரி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நாடியை எண்ணவில்லை. செத்துப்போய்விடுவேனோ என்று, மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், ஒருமுறைகூட நினைக்கவில்லை.

சந்தோஷமாக இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூச்சு விட முடியாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதனால் செருப்புக்காரரைத் தேடவில்லை என்று சொல்ல முடியாது; தேடாத மாதிரி தேடினேன். கிளினிக் திறக்காத நேரமாகப் பார்த்துப் போய், பூட்டிய கதவிடம் விசாரித்துவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், சுவரை ஒட்டி ஒட்டி, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே, ஒரு சைக்கிள் போவதற்குக்கூட நின்று நின்று, என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். காலில் என் செருப்பு.

"ஜெராக்ஸ் சார் நீங்கதானா?" என்றார். "நான் எஸ்தர். ஆட்டோ ஓட்றேன். கரண்டு போன இருட்டுல மாத்திப் போட்டுட்டேன். எஞ்செருப்பக் குடுங்க, சார்."

"ரொம்ப நாளா இந்த வீசிங்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"பொறந்ததுலேர்ந்து. அது கெடக்கட்டும் சார், அது எனக்குப் பழக்கம். அதோட ஆட்டோ ஓட்டுவேன், சண்டை போடுவேன், புள்ளைங்கள ஸ்கூல்ல எறக்குவேன். இன்னாது சார் இது, நீங்க குடுத்தது?" கடை ஸ்டூலில் உட்காரப் போனவர், ஸ்டூலின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "வண்டிய ஸ்டார்ட் பண்ணா கை நடுங்குது. மெயின் ரோட்டப் பாத்தா, லாரி வந்து ஏறிடுமோ, பிரேக் புடிக்காதோ, பின்னாடி புள்ளைங்க இருக்குதேன்னு ரோட்டோரமே நின்னுடறேன். நெஞ்சுல கை வெச்சு வெச்சுப் பாக்கறேன். தண்ணி குடிச்சா, இது நல்ல தண்ணியான்னு தோணுது. ஒரு வாரமா வண்டி வாசல்லயே நிக்குது. நாளைக்கு வர்லைன்னா வேற ஆட்டோ பாத்துக்கறோம்னு புள்ளைங்களோட அம்மாங்க சொல்ட்டாங்க. அந்தச் சவாரி போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமில்ல சார்."

"என்னுதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"டாக்டரம்மா கைய புடிச்சதுமே சொல்ட்டாங்க. இது ஜெராக்ஸ் சாரோடது, கொண்டு போய் குடுத்துடுன்னு."

நான் எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்குக் கிடைத்ததில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. "வேதா! வேதா, இங்க வா! எனக்கு நிஜமாவே நோய் இருந்திருக்கு! இவங்களுக்கு ஒட்டியிருக்கு, பாரு! டாக்டரம்மாவே கண்டுபுடிச்சிருக்காங்க!" என்று கத்தினேன். கத்திய கத்தலில் இருமல் வந்து, இருமலில் மூச்சு சிக்கி, மெஷின்மேல் கவிழ்ந்தேன்.

எஸ்தர் எழுந்து வந்து என் பையிலிருந்த பஃப்பை எடுத்து, குலுக்கி, என் வாயில் வைத்தார். "அய்ய, இப்பிடியா இழுப்பீங்க? மூச்ச முழுக்க வெளிய வுட்டுட்டு இழுக்கணும். இழுத்து, புடிச்சு வெச்சு, மெதுவா வுடுங்க. தோள இறக்குங்க. ஆங்." அவர் கை என் முதுகில் இருந்தது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, நான் செத்துப்போய்விடுவேனோ என்று. அது என் நடுக்கம் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் உள்ளேயிருந்து மட்டும் பார்த்ததை அன்றைக்குத்தான் வெளியேயிருந்து பார்த்தேன். பாவமாக இருந்தது. அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று சொல்லத் தெரியவில்லை.

"எப்பிடி சார் இதோட இருக்கீங்க?" என்றார் எஸ்தர், குரல் தணிந்து. "வீசிங்கோட இத்தினி வருஷம் இருந்துட்டேன். இதோட ஒரு வாரம் இருக்க முடியல. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லியா எல்லாரும் சிரிக்கறாங்க?"

மெஷினுக்கு அடியில் மறைத்துவைத்திருந்த நகப்பாலிஷ் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைப் பார்த்தார். கண்ணை மூடி ஒருதரம் மூச்சை இழுத்தார், அது உள்ளே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. "இது மட்டும் நல்லா இருந்துச்சு," என்றார். "நேத்து எம்பொண்ணு ஏதோ சொல்லி, சிரிச்சேன் சார். இருமாம, கடைசி வரைக்கும் சிரிச்சேன். அதுக்கப்புறம் இவ்ளோ சிரிச்சா ஏதாவது ஆய்டுமோன்னு பயந்துட்டேன், அது வேற."

நானும் என் செருப்பைப் பார்த்தேன். மசால்வடையையும், எழுந்து பார்க்காத கேஸையும், எண்ணாத நாடியையும் நினைத்தேன். இரண்டு பேரும் இரண்டு ஜோடிச் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம், ஜவுளிக்கடையில் புடவை எடுக்க வந்தவர்கள் மாதிரி.

வேதா வாசற்படியில் வந்து நின்று எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. "இதுல என்ன யோசனை?" என்றாள். "பால் பூத் தாத்தா பாட்டி பண்ணல? ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கோங்க. ஏம்மா, உனக்குப் பாதி மூச்சு, பாதி பயம். இவருக்கும் அப்படியே. பாதி பயத்தோட ஓட்டற ஆட்டோவுலதான் எந்த அம்மாவும் தன் புள்ளைய ஏத்துவா." சொல்லிவிட்டுக் குக்கர் விசிலடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

எஸ்தர் என் இடது செருப்பைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய இடது செருப்பில் காலை நுழைத்தார், வலது காலில் என்னுடையதே இருந்தது. நான் மிச்சத்தைப் போட்டுக்கொண்டேன். எனக்குள் ஒரு பக்கம் இளகியது, ஒரு பக்கம் இறுகியது. எஸ்தர் லேசாக இருமினார், நிமிர்ந்தார், சுவரைத் தொடாமல் தெருவில் நடந்தார். நான் பின்னால் போனேன். எங்களைக் கடந்து போன பால் பூத் தாத்தா இரண்டு பேரின் கால்களையும் பார்த்தார், "ஆளுக்குப் பாதியா? நல்லது," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

ஆட்டோ அவர் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. எஸ்தர் ஏறினார். "ஒருதரம் ஓட்டிப் பாத்துடறேன். பின்னாடி யாராவது உக்காந்தாதான் நாளைக்கு எனக்கு நம்பிக்கை வரும்," என்றார். ஆட்டோ விபத்தில் மண்டை உடைந்தவரின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டை நான் சமீபத்தில்தான் நகல் எடுத்திருந்தேன். இருந்தாலும் ஏறினேன். வண்டி உறுமியது, தெரு முழுக்க ஊர்ந்து போனது, பாலம் தாண்டியது, மெயின் ரோட்டு முனையில் நின்றது. எதிரே லாரிகளும் பஸ்களும் தண்ணீர் டேங்கர்களும் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தன. எஸ்தரின் பிடரியில் வியர்வை அரும்பியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு விசில் பாதியும் நடுக்கம் பாதியுமாக வந்தது.

எஸ்தர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார், பயமா இருக்கா?"

"பாதி," என்றேன்.

"மீதி எங்கிட்ட இருக்கு, கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க," என்று சொல்லி, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, இன்னொருதரம் வலது பக்கம் பார்த்து, எஸ்தர் ஆட்டோவை மெயின் ரோட்டில் இறக்கினார்.